குடியிருந்த வீட்டை நானே விற்றுக் கொடுத்த கதை

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னவர் யாரோ தெரியாது. அவர் நிச்சயமாகச் சொந்த வீட்டுக்காரராகத்தான் இருந்திருப்பார். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வாய் ஆகவே ஆகாது. குடித்து வீட்டை இழந்தவர்கள் உண்டு, சீட்டாடி இழந்தவர்கள் உண்டு. ஒரு கதவைப் புகழ்ந்து வீட்டை இழந்தவன் கொச்சி மட்டாஞ்சேரியில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

இதில் என் தொழிலுக்கும் பங்குண்டு. யூதத் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் விற்பனையாளனாக இருக்கிறேன். போன மாதம் செய்து, சேற்றில் புதைத்து எடுத்த கதவை ‘நூறு வருஷத்துத் தரவாட்டு வீட்டுக் கதவாக்கும் சார்’ என்று கண் கலங்கச் சொல்லி விற்பது என் வேலை. (கண் கலங்குவதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.) இருபது வருஷமாக இப்படியே பேசிப் பேசி, பழைய மரத்தைக் கண்டால் என் நாக்கு என்னைக் கேட்காமலே எழுந்து நின்றுவிடும்.

நாங்கள் குடியிருந்தது உண்மையிலேயே பழைய வீடு. பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே இரண்டு அறை, மேலே மரப்பலகை போட்ட மச்சில் ஓர் அறை. வீட்டுக்காரர் யூசுப் இக்கா. வாடகையை அவர் உயர்த்துவதே அபூர்வம். உயர்த்தினாலும் கூச்சத்தில் இரண்டு நாள் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். அப்படி ஒரு மனுஷர். ஆனால் அவர் பிள்ளைகள் துபாயில் இருந்தார்கள். அங்கிருந்து பார்க்கும்போது எங்கள் வீடு அவர்களுக்கு வெறும் விலையாகத் தெரிந்திருக்கிறது. அந்தச் சந்தில் அதற்குள் மூன்று வீடுகள் ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. மீதியில் பாதியைப் பலகை வைத்துத் தடுத்து, அறைக்கு எட்டுப் பேராக வெளியூர் வேலைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்களைப் போல ஒரு குடும்பம் முழு வீட்டில் இருப்பதே ஊருக்குக் கண்ணை உறுத்துகிற விஷயமாக இருந்தது.

ஒரு நாள் இக்கா வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“மோனே, பிள்ளைங்க வில்க்கணும்னு பறையுது. நான் என்ன செய்யும்? ஓணம் வரை நோக்கட்டே. நல்ல பார்ட்டி ஆரும் வந்நில்லெங்கில் நீ எடுத்தோ. பேங்கில் உனக்கு எத்ர கிட்டுமோ, அத்ர மதி.”

வங்கி எத்தனை தருகிறதோ அத்தனை போதும் என்கிறார்! இப்படி ஒரு வாக்கு கொச்சியில் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. ஓணம் வரை யாரும் வாங்காமல் இருந்தால் வீடு எங்களுடையது.

என் மனைவி கனகம் அன்றைக்கே காரியத்தில் இறங்கிவிட்டாள். அவள் கலூரில் ஒரு தையல் கடையில் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். வீடு சொந்தமானால் மச்சில் ஜன்னலோரம் இரண்டு மெஷின் போட்டுச் சொந்தமாகத் தைப்பது என்று முடிவு செய்து, மெஷின் வைக்கும் இடத்தைச் சாக்பீஸால் பலகையில் கோடு போட்டே வைத்துவிட்டாள். அடுத்தது, வருகிற பார்ட்டிகளை விரட்டுவது.

அதில் ஒரு சிக்கல். வீடு ஒழுகாது. கர்க்கடக மாதத்து மழையிலும் சொட்டு விழாது. அதனால் கனகம் ஆங்காங்கே வாளிகளை வைத்து, அவற்றில் அவளே தண்ணீர் ஊற்றினாள். கயிறு கட்டி ஈரத்துணி தொங்கவிட்டாள். பார்ட்டி வரும் தகவல் கிடைத்ததும் அடுப்பில் கருவாடு ஏறும். எங்கள் மகள் திவ்யாவுக்கு அப்போது கல்லூரியில் முதல் வருஷம். கடல் பொங்கும் வேலியேற்றத்தின்போது காயல் தண்ணீர் அடுக்களைக்குள் வரும் என்றும், அதோடு ஒரு பாம்பும் வரும் என்றும் சொல்வது அவள் பொறுப்பு.

எனக்கு நோயாளி வேஷம். முன்னறைக் கட்டிலில் போர்வை போர்த்தி இருமிக்கொண்டிருக்க வேண்டும். வசனம் கிடையாது.

“நீங்க வாயத் தொறக்காம இருந்தா மதி, கேட்டோ. இருமினா போரும்” என்றாள் கனகம்.

“அப்பா, இருமல ஓவராக்கண்டா, சந்தேகம் வரும்” என்றாள் திவ்யா.

முதலில் வந்த கலூர்த் தம்பதி கருவாட்டு நாற்றத்தோடு திரும்பிப் போனார்கள். வைப்பின் தீவிலிருந்து வந்தவர் பாம்பு விஷயத்தில் எனக்குமே சந்தேகம் வரும் அளவுக்கு நம்பி, காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வெளியேறினார். ஓணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. கனகம் சாக்பீஸ் கோட்டை இன்னொரு முறை அழுத்தி வரைந்தாள்.

அப்போதுதான் புரோக்கர் பைஜு ஒரு கோயம்புத்தூர்க்காரரைக் கூட்டி வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி, பார்வைக்குப் பெரிய இடம். எட்டு மாவட்டத்தில் இடம் வாங்கிப் போட்டிருப்பதாகப் பைஜு என் காதில் சொன்னான். (நோயாளியின் காதில் எல்லோரும் எதையும் சொல்வார்கள்.)

அவர் வாளிகளைப் பார்த்தார். துணிகளுக்கு அடியில் குனிந்து வந்தார். பாம்புக் கதையைப் பொறுமையாகக் கேட்டார். “அப்படிங்களா” என்று மட்டும் சொன்னார். அந்த ‘ங்களா’ என் காதில் தேனாக விழுந்தது. எங்கள் வீட்டுத் தமிழில் பாதி மலையாளம். சுத்தமான தமிழைக் கேட்டாலே எனக்கு எழுந்து உபசாரம் செய்யத் தோன்றும். அடக்கிக்கொண்டு இருமினேன்.

அவர் வாசற்கதவின் அருகே நின்று, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். பைஜுவிடம் சொன்னார்:

“வீடு போயிருச்சுங்க. இடத்துக்கு ஒரு விலை சொல்லலாம். இந்தக் கதவெல்லாம் அடுப்புக்குத்தாங்க ஆகும்.”

அடுப்புக்கு!

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அது பாட்டுக்கு நடந்தது. போர்வையை உதறிவிட்டு எழுந்தேன்.

“சார், என்ன சொன்னீங்க? அடுப்புக்கா? இது பர்மா தேக்கு சார். கையை வெச்சுப் பாருங்க. ஒரு ஆணி கிடையாது, எல்லாம் மர முளைதான். இதைச் செஞ்சவன் எலும்பு மண்ணாப் போச்சு, கதவு ஒரு நூல் வளைஞ்சிருக்கா பாருங்க!”

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. பூனையாக இருக்கும் என்று நினைத்தேன்.

“மேல வாங்க சார்” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். ஒரு நிமிஷம் முன்புவரை நெஞ்சு சளியில் செத்துக்கொண்டிருந்தவன், மச்சுப் பலகையில் தொம் தொம்மென்று குதித்துக் காட்டினேன். அதுவும் அந்தச் சாக்பீஸ் கோட்டுக்குள் நின்று! “ஒரு சத்தம் வருதா சார்? இங்கே யானையைக் கட்டலாம்.” சுண்ணாம்புச் சுவரில் அவர் கன்னத்தை வைக்கச் சொன்னேன். கோடையில் ஃபேன் வேண்டாம் என்றேன். வாளி எதற்கு என்று கேட்டார். “அது சும்மா வெச்சது சார், இந்த வீடு ஒழுகவே ஒழுகாது” என்றேன்.

திவ்யா படிக்கட்டில் நின்று இருமினாள். எனக்குப் பதிலாகத் தானாவது இருமலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. “கனகம், சாருக்கு ஒரு சாயா!” என்று நான் கீழே குரல் கொடுத்தேன்.

சாயா வந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, முகம் ஒரு மாதிரியாகி, கிளாஸை வைத்துவிட்டார். என் பேச்சில் மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்றே எண்ணினேன். (கனகம் அதில் இரண்டு கரண்டி உப்புப் போட்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.)

அதோடாவது நிறுத்தினேனா? இல்லை. “பக்கத்து ஹோம்ஸ்டேயில ஒரு ராத்திரிக்கு வாங்குறது எங்களுக்கு ஒரு மாச வாடகை சார். அந்த வீட்டுல இருக்கறது வெறும் அயினி மரம். இந்தத் தேக்குக்கு என்ன வாங்கலாம்னு நீங்களே யோசிச்சுக்குங்க.”

அவர் யோசித்தார்.

“சும்மா வாங்கிப் போட்டுட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வித்துரலாம்னுதானுங்க வந்தேன். ஹோம்ஸ்டே யோசனையே எனக்கு வரலைங்க. ரொம்ப நன்றிங்க” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அவர் கார் சந்தைத் தாண்டுவதற்குள் பைஜு இக்காவுக்கு ஃபோன் செய்துவிட்டான். மறுநாள் அட்வான்ஸ். இக்கா சாயங்காலம் வந்தார், உட்காரவில்லை. “ஈ வீட்டுக்கு இத்ர விசேஷம் உண்டென்னு எனிக்கே அறியில்லாயிருந்நு. அயாள் பறஞ்ஞாணு நான் அறிஞ்ஞது” என்றார். அவர் வீட்டின் பெருமையை, நான் சொன்ன பெருமையை, வாங்குகிறவர் சொல்லி அவர் தெரிந்துகொண்டிருக்கிறார். அதைக் கேட்டுத் துபாய்ப் பிள்ளைகள் விலையைக் கூட்டினார்களாம். கோயம்புத்தூர்க்காரர் பேரம் பேசாமல் கொடுத்தாராம்.

கனகம் என்னைத் திட்டவில்லை. வாளிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, துணிகளைக் கழற்றி மடித்தாள். பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மச்சுக்குப் போனாள். கோட்டைத் துடைக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கூடப் போகத் தைரியம் வரவில்லை. நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அன்றிரவு எனக்குச் சோறு போட்டாள், இன்னும் கொஞ்சம் வேணுமா என்று கேட்டாள். அதைப் போல ஒரு தண்டனையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

பிறகு வீடு தேடினோம். கொச்சியில் எத்தனை ஜனம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே பேசிக்கொண்டிருக்கும். நாங்கள் வெளியே வரும்போது இன்னொரு குடும்பம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். வாங்குவதற்கு விலை விசாரித்தால், சொல்பவருக்கே சிரிப்பு வரும். கடைசியில் பள்ளுருத்தியில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை கிடைத்தது. வாடகை பழையதைப் போல இரண்டு மடங்கு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கனகத்தின் மெஷின் ஒன்றே ஒன்று, பகலிலும் விளக்குப் போட்டுத் தைக்கிறாள். அவள் ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணைச் சுருக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் சுருக்கென்கிறது. இது சும்மா எழுத்துக்காகச் சொல்வதல்ல.

கதை இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு வருஷம் கழித்துக் கோயம்புத்தூர்க்காரர் ஃபோன் செய்தார். ஹோம்ஸ்டே நன்றாகப் போகிறதாம். வருகிறவர்களுக்கு வீட்டைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லையாம். “அன்னைக்கு எங்கிட்டச் சொன்னீங்களே, அதே மாதிரி சொன்னாப் போதுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம்.” மறுத்திருக்க வேண்டும். மானமுள்ளவன் மறுத்திருப்பான். வாடகை ஏறியிருந்தது, போனேன். இன்றும் போகிறேன்.

அதுதான் எங்கள் குடும்பத்தின் நிரந்தர வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை நான் சட்டை போட்டுத் தலை சீவினால், “என்ன, வீட்டை விக்கக் கிளம்பிட்டீங்களோ?” என்பாள் கனகம். “அப்பா, வரும்போது பள்ளுருத்தியையும் வித்துட்டு வராதே” என்பாள் திவ்யா. உறவுக்காரர் கல்யாணங்களில் யாராவது மனை விலை போகவில்லை என்று சொன்னால் போதும், கனகத்தின் தம்பி என்னைக் காட்டி, “இவர ஒரு கட்டில்ல படுக்க வைங்க, இருமியே வித்துத் தருவார்” என்பான். பந்தி முழுக்கச் சிரிக்கும்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கதவு, சுவர் எல்லாம் காட்டிவிட்டு மச்சுக்கு அழைத்துப் போனேன். ஜன்னலோரம் இப்போது பிரம்பு நாற்காலி இரண்டு கிடக்கிறது. நல்ல வெளிச்சம். அவள் அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இதுக்கு முன்னாடி இங்க யார் இருந்தாங்க?” என்று கேட்டாள்.

“ஒரு குடும்பம். அந்த அம்மா நல்லாத் தைப்பாங்க” என்றேன்.

“இவ்வளவு நல்ல வீட்டை விட்டு ஏன் போனாங்க?”

எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். அன்று ஒன்றும் வரவில்லை. படி பத்திரம், பார்த்து இறங்குங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து கனகத்திடம் சொன்னேன். அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நீங்க என்ன பறஞ்ஞீங்க?”

“ஒண்ணும் பேசல. சும்மா நின்னேன்.”

மெஷின் நின்றது. கனகம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“பேசாம நிக்கவும் உங்களுக்கு அறியுமோ?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து விஷயத்தைக் கேட்டு திவ்யாவும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கனகத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் அது வந்துகொண்டே இருந்தது. திவ்யா சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.