புடிமானம் அண்ணாச்சியின் நாடா

தாராவியில் புடிமானம் அண்ணாச்சியின் கையில் சிக்கி, இறுகாமல் தப்பித்த பொருள் ஒன்றுகூடக் கிடையாது. ஆடுகிற நாற்காலி, கழன்றுவிழும் செருப்பு வார், தொளதொளத்த வாட்ச் பட்டை, எதைப் பார்த்தாலும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு "புடிமானம் இல்ல" என்பார். அடுத்த நிமிஷம் ஸ்குரூ டிரைவர் கையில் இருக்கும். ஒருமுறை கேட்காமலேயே என் டிபன் பாக்ஸ் மூடியைச் சரிசெய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அதை என்னாலும் திறக்க முடியவில்லை, பாண்டுப்பில் என் வீட்டுக்காரராலும் முடியவில்லை. அன்றைக்குக் கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதம், எனக்குத் தெரிந்து, இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

நான் இருபது வருஷம் பாண்டுப்பில் ஸ்லோ டிரெயின் ஏறி, சயானில் இறங்கி, பாலத்தைத் தாண்டி தாராவிக்குள் நடந்து வேலைக்குப் போனவள். இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்து இந்தப் பத்தியை எழுதுகிறேன். அந்த டிரெயின் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எழுந்து வெந்நீர் வைக்கக்கூடத் தோன்றாது. அவ்வளவு அலுப்பு. அலுப்பில்லாமல் ஞாபகம் வருகிற ஒரே ஆள் அண்ணாச்சிதான். அவரும் அந்த நாளில் என்னைக் கொஞ்சமாகவா அலுக்க வைத்தார்?

எங்கள் பட்டறையில் நாலு தறி. பிவண்டியில் யாரோ போதுமென்று கைகழுவிய பழைய விசைத்தறிகள். அவற்றில் நெய்தது தரை துடைக்கிற துணி. மும்பைக்காரர்கள் போச்சா என்பார்கள். நெய்து வரும் துணியை மேசைமேல் விரித்து, இழை விட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவது என் வேலை. தரை துடைக்கிற துணியில் என்ன குறை பார்க்கக் கிடக்கிறது என்று என் மாமியார் கேட்டார். எனக்கும் பதில் தெரியாது. ஆனாலும் இருபது வருஷம் கோடு போட்டேன்.

தறிகளுக்கு ஃபிட்டர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய ஆதார் கார்டுக்குத்தான் தெரியும்.

இப்போது நாடாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாவாடை நாடா இல்லை. தறியில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓடுகிற, படகு மாதிரியான மரக்கட்டைக்கு நாடா என்று பேர். அதன் வயிற்றுக் குழியில் ஓர் இரும்பு முள் இருக்கும். நூல் சுற்றிய குச்சியை, அதாவது தாரை, அந்த முள்ளில் செருகுவார்கள். நாடா ஓட ஓட நூல் அவிழ்ந்து துணியாகும். எங்கள் தறிகளில் முள்ளும் தேய்ந்துவிட்டது, தாரின் துளையும் அகன்றுவிட்டது. நாடா போய் மோதி நிற்கிற வேகத்தில் தார் கழன்று வெளியே பறக்கும். சுவரில் அடிக்கும், தகரத்தில் அடிக்கும்.

ஒரு ஏப்ரல் மாதம் என் நெற்றியில் அடித்தது. இடது புருவத்துக்கு அரை விரல் மேலே. மூன்று தையல். இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் ஒற்றைக் கண்ணோடு எழுதிக்கொண்டிருப்பேன்.

முதலாளி பயந்துபோனார். நல்ல மனிதர், ஆனால் பயம் வந்தால் குரல் உயர்ந்துவிடும். நாலு தறியும் நிற்கிற இடத்தைக் காட்டிச் சொன்னார்:

"அண்ணாச்சி, இனி ஒரு தாரு பறந்துச்சுன்னு என் காதுல விழட்டும். நாலையும் பங்கார்வாலாவுக்குத் தூக்கிப் போட்டுட்டு, பை தைக்கிற மெஷினு வாங்கிப் போட்டிருவேன்."

பங்கார்வாலா என்றால் பழைய இரும்பு எடுப்பவர். பை தைக்கிற மெஷினுக்குத் தறி ஃபிட்டர் எதற்கு? அண்ணாச்சிக்கு அப்போதே அறுபதை நெருங்கிவிட்டது. அந்த நாலு கிழட்டுத் தறிகளைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. தார் பறக்காமல் நிற்க வேண்டும், இல்லையென்றால் அண்ணாச்சி வீட்டுக்குப் போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

தையல் போட்டுக்கொண்டு நாலு நாள் கழித்துப் போனேன். என்னிடம் அவர் எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குக் கோபம். அது போதாதென்று அன்றைக்குத் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுவந்து, தறிக்கும் என் மேசைக்கும் நடுவில் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஆள் அகலமானவர். டியூப் லைட் வெளிச்சத்தில் பாதி அவர் முதுகோடு நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, வெளிச்சத்த மறைக்கீங்க" என்றேன்.

"இங்கனதாம்மா காத்து வருது."

அந்த இடத்தில் காற்று வந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஜன்னல் வாசல் பக்கம் இருந்தது. ஃபேன் அதற்கும் அப்பால் இருந்தது. நானும் தினம் சொன்னேன், அவரும் தினம் அதே பதிலைச் சொன்னார். கடைசியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், துணியை ஓரமாக இழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோடு போடப் பழகினேன்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடிதான் ஆராய்ச்சி நடந்தது. முதலில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி முள்ளில் மாட்டினார். தறி ஓடிய சூட்டில் ரப்பர் இளகி, பட்டறை முழுக்கப் பஞ்சர் கடை நாற்றம். அடுத்து பால் பாயின்ட் பேனா ஸ்பிரிங். ஒரே வாரத்தில் பட்டறையில் எழுதக்கூடிய பேனா ஒன்றுகூட மிஞ்சவில்லை. கூரியர்காரர் நீட்டிய தாளில் முதலாளி என் சாக்பீஸால் கையெழுத்துப் போட்டார்.

மழை தொடங்கியபோது தோல் வந்தது. பக்கத்துப் பட்டறையில் பை தைக்கிறவர்களிடம் துண்டுத் தோல் வாங்கி முள்ளைச் சுற்றி ஒட்டினார். மும்பை மழையில் சுவரே ஊறும், தோல் ஊறாதா? நன்றாக ஊறி உப்பிவிட்டது. தார் பறக்கவில்லைதான். ஆனால் நூல் தீர்ந்த பிறகு கழற்றவும் வரவில்லை. தறி ஓட்டுகிற சலீம் பாய் நாடாவை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குறடு போட்டு இழுத்து, மல்லாக்க விழுந்தார்.

"அண்ணா, யே நிகல்தா இச் நஹி" என்றார் தரையிலிருந்தே. கழலவே மாட்டேன் என்கிறதாம்.

"பாத்தீயா, புடிமானம்" என்றார் அண்ணாச்சி. அவருக்கு உள்ளபடியே சந்தோஷம்.

இதற்கிடையில் அவ்வப்போது தார் பறந்துகொண்டுதான் இருந்தது. முதலாளி காதில் விழாமல் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டோம். சுவரில் விழுந்த பள்ளத்தை அண்ணாச்சி பல்பொடியைக் குழைத்துப் பூசி மறைத்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் புது முள் தயார். நடுவில் பிளந்து, இரண்டு இதழாக விரிகிற முள். உள்ளே நுழைந்ததும் விரிந்து தாரைக் கவ்விக்கொள்ளுமாம். ஓட்டிப் பார்க்குமுன் பூஜையில் வைத்தாக வேண்டும் என்றார். சலீம் பாய் பூ வாங்க மாட்டுங்காவுக்குப் போய்விட்டார், முதலாளி பூசணிக்காய்க்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். சந்தனம் எவ்வளவு வைப்பது என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? குறைவாக வைத்தால் கிறிஸ்தவப் பொம்பளை கஞ்சம் பிடிக்கிறாள் என்பார்களோ என்று, நாடா வயிறு, முள், தார்த் துளை, எல்லா இடத்திலும் தாராளமாக அப்பிவிட்டேன். மேலே குங்குமம். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதால் ராத்திரி முழுக்க அது நன்றாகக் காய்ந்தது.

மறுநாள் தறியை ஓட்டினார்கள். தார் அசையவில்லை. ஒரு நாள், ஒரு வாரம், மூன்று வாரம், அசையவே இல்லை. அண்ணாச்சி ஜிலேபி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். தெருவில் போகிறவர்களை உள்ளே கூப்பிட்டு, "ரகசியம் அந்தப் பொளவுலதான் இருக்கு" என்று விளக்கினார். செம்பூரிலிருந்து முதலாளியின் மச்சான் வந்தபோது, அவரையும் விடவில்லை.

எனக்கு மட்டும் சந்தேகம். வெள்ளைத் துணியில் மஞ்சளாகப் பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தேன். சந்தனம்! தாரைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய பிளவும் இல்லை, ரகசியமும் இல்லை, நான் அளவு தெரியாமல் அப்பியதுதான். சொல்ல வாயெடுத்தேன். கையில் ஜிலேபித் தாளோடு அவர் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, துணியைத் தட்டி மடித்து வைத்துவிட்டேன்.

நாலாவது வாரம் சந்தனம் முழுக்க உதிர்ந்துவிட்டது. தார் பறந்து அண்ணாச்சியின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, 'பட்'டென்று அடித்தது. அவர் ஒரு நிமிஷம் மூச்சு விடவில்லை. சலீம் பாய் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், இல்லாத காற்றுக்கு அங்கே உட்காராதே என்றால் கேட்டால்தானே என்றும் தோன்றியது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அப்படியும் தோன்றியது.

அவர் குனிந்து தாரைப் பொறுக்கி, துளையை முகர்ந்து பார்த்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எம்மா எஸ்தரு, சந்தனம் வச்சது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி."

"எவ்வளவு வச்ச?"

"நல்லாவே வச்சேன்."

"இன்னும் கொஞ்சம் வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஸ்டூலை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை.

முதலாளி வந்து முதுகில் என்ன கட்டு என்று கேட்டதற்கு, டிரெயினில் இடித்துவிட்டது என்றார். தாராவியில் வீடு, தாராவியில் வேலை. எந்த டிரெயின்? முதலாளிக்கு அது தோன்றவில்லை.

அடுத்த ஜூன் வந்தது. மழை கொட்டிய ஒரு காலையில் நான் நனைந்துகொண்டே வந்து, வாசலில் நின்று குடையை மடக்கினேன். குடையை விரித்தால் கீழே இறங்காமல் தாங்கிக்கொள்ள, கம்பியில் ஒரு குட்டித் தகட்டு நாக்கு 'டக்'கென்று வெளியே தள்ளுமே, அதை அண்ணாச்சி பார்த்துவிட்டார். குடையைப் பிடுங்கி விரித்தார், மடக்கினார், விரித்தார், மடக்கினார். இத்தனை வருஷமாக மழையில் அவர் குடையே பிடித்ததில்லையா என்று எனக்கு ஆச்சரியம்.

"இறுக்கக் கூடாதும்மா. வழிவிட்டுட்டு, உள்ள போனதும் மறிச்சு நிக்கணும்" என்றார்.

குடை மறுநாள் திரும்பி வந்தது. நாக்கு மட்டும் இல்லை. கொஞ்சம் கையால் புடிச்சுக்கிட்டா நிக்கும் என்றார், ஊருக்கெல்லாம் பிடிமானம் சொன்ன மனிதர். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு கையால் காம்பையும் இன்னொரு கையால் கூரையையும் தாங்கிக்கொண்டு சயான் பாலத்தில் நடந்தேன். பையைப் பல்லில் கடிக்காததுதான் பாக்கி.

அந்த நாக்கை நாடா முள்ளில் பதித்து, தார்த் துளைக்குள் அதற்கேற்ற ஒரு வெட்டு வெட்டினார். செருகினால் 'டக்'. நாடா எவ்வளவு மோதினாலும் நிற்கும். கழற்ற வேண்டுமானால் நகத்தால் ஓர் அமுக்கு. சலீம் பாய் அமுக்கிப் பார்த்துவிட்டு, குறட்டைத் தூக்கி மூலையில் போட்டார். ஒன்று ஓடியது, இன்னும் மூன்று தறி இருக்கிறதே? சலீம் பாயின் குடை போயிற்று. பக்கத்துப் பட்டறையில் ஒரு குடை போயிற்று. கடைசியில் முதலாளியின் குடை.

முதலாளி அது தெரியாமல் நடுரோட்டில் குடையை விரித்திருக்கிறார். அது அப்படியே இறங்கித் தலையைக் கவ்விக்கொண்டது. சொட்டச் சொட்ட நனைந்துபோய்ப் பட்டறைக்குள் வந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

அண்ணாச்சி தறிப் பக்கம் கையைக் காட்டினார். முதலாளி தண்ணீர் வடிய வடிய நின்று பார்த்தார். நாலு தறியும் ஓடின. நூல் தீர்ந்தது, தார் மாறியது, மறுபடி ஓடின. ஒன்றும் பறக்கவில்லை.

"எவ்வளவு நாளா இப்பிடி?"

"மொதத் தறியில போட்டு ஒரு மாசம் ஆச்சு. ஒண்ணுகூடப் பறக்கல."

முதலாளி தலையைத் துவட்டிக்கொண்டார். சுவரில் இருந்த பல்பொடிப் பூச்சுகளை இப்போதுதான் பார்த்தார்போல. ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, பை மெஷின் ஒன்றும் வேண்டாம், வேற குடை வாங்கிக்கிடலாம் என்று முனகிவிட்டு உள்ளே போனார். சலீம் பாய் டீ வாங்கிவரப் போனார். அண்ணாச்சி முகத்தில் ஒரு சிரிப்பாவது வரும் என்று பார்த்தேன். கர்ச்சீப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் போனபோது என் மேசைமேல் வெளிச்சம் முழுசாக விழுந்திருந்தது. ஏதோ வீடு மாறி வந்துவிட்டதுபோல் இருந்தது. அண்ணாச்சியின் ஸ்டூல் நடுவில் இல்லை. வாசலோரம், ஜன்னல் பக்கத்தில், நிஜமாகவே காற்று வருகிற இடத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றேன். பதினைந்து மாதம். தறிக்கும் என் முகத்துக்கும் நடுவில் அந்த முதுகு. எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். கை தானாகப் புருவத்துத் தழும்புக்குப் போயிற்று. தறி போய்விடும் என்ற பயத்தில் அந்த மனிதர் இவ்வளவும் செய்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தறிக்காக என்றால் தறிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கலாமே, என் முகத்துக்கு நேராக எதற்கு? கேட்டுவிடலாம் என்று அவர் அருகே போனேன். அந்த மனிதரிடம் எதைக் கேட்பது?

"அண்ணாச்சி, ஸ்டூல அங்கனயே போடுங்க. லைட்டு கண்ணக் கூசுது" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, பழைய இடத்தில் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"நாந்தான் சொன்னேனே, இங்கனதாம்மா காத்து வருது" என்றார்.