உலகிலேயே ஒன்பது குடும்பங்கள்

அன்று முதலிபாளையத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருவரும் "நான் அந்தப் பக்கமே போகவில்லை" என்று சொல்லக் கூடாது.

இடம், மூடிப்போன ஒரு பனியன் கம்பெனியின் மாடிக் கூடம். நடுவில் துணி வெட்டும் நீள மேசை. அதன்மேல் புலித்தோல் டிசைன் அச்சிட்ட துணி. துணிமேல் ஆதிநாமர். அவருக்கு இடப்புறம், ஸ்டூலில், சிஷ்யை வள்ளியாத்தாள். காலடியில் ஓர் அட்டைப்பெட்டி. முதல் வரிசை நாற்காலிகளில் முன்பதிவு செய்தவர்கள். இரண்டாவது வரிசையில் லேபிள் நெய்யும் தறி வைத்திருக்கும் ராஜா முகமது. அவருக்குப் பின்னால் அருள்புரத்தில், தைத்த பனியனில் குறை பார்த்து ஒதுக்கும் செக்கிங் கான்ட்ராக்ட் எடுக்கும் கருப்புசாமி. அவர் பக்கத்தில் நான். கடிதம், மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். கருப்புசாமியின் மகள் கோமளா அப்பாவோடு உட்காராமல் பெண்கள் பக்கம் போய், நூற்றுப் பதினாலாம் டோக்கனைக் கையில் வைத்திருந்தாள். மீதி முந்நூறு பேர் தரையில்.

முந்நூறு பேருக்கும் ஒரே குறை. சர்நேம் இல்லை. நேற்றுவரை அப்பன் பேரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்த ஊர் இது. பாஸ்போர்ட் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக நின்றது. காலியாக நின்ற கட்டத்தில் ஆதிநாமர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வம்சத்துக்கும் ஓர் அபூர்வக் குடும்பப் பெயர் உண்டாம், அது மறந்துபோனதால்தான் ஆர்டர் கேன்சல் ஆகிறதாம், இவர் கண்ணை மூடினால் முன்னோர்கள் வந்து காதில் அதைச் சொல்கிறார்களாம்.

பெயர் இறங்கியதும் வள்ளியாத்தாள் பெட்டிக்குள் கைவிட்டு, இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டுத் துண்டை எடுத்துக் கொடுப்பாள். தங்க நூலில் நெய்த பெயர். அதன் கீழே, "உலகில் ஒன்பது குடும்பம்." அதைச் சட்டைக் காலரின் உட்புறம் வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் காலருக்குள் லேபிள் தைத்துவிட்டு வந்த ஊர், பயபக்தியோடு அதையும் தைத்துக்கொண்டது.

அன்றைக்கு முதலில் போனவர் டெய்லர் முருகேஷ்.

"கார்முகிலார்" என்றார் ஆதிநாமர். "மேகத்தைக் கயிறு போட்டு இழுத்துக்கிட்டு வந்து மழை பெய்ய வெச்ச வம்சம்."

"எங்கப்பன் தண்ணி லாரி ஓட்டுனாருங்க சாமி."

"பாத்தியா. ரத்தம் விடுமா?"

கூடம் சிலிர்த்தது. "எங்குளுதும் ஒன்பது குடும்பந்தானுங்க" என்று தரையில் இருந்த ஓர் அம்மாள் பக்கத்து அம்மாளிடம் பெருமையாகச் சொன்னாள். "எங்குளுதும் அதேதானுங்க" என்றாள் மற்றவள். எல்லோருக்குமே ஒன்பதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. கருப்புசாமி வீட்டில் மட்டும் சிரிப்பு நின்றுபோயிருந்தது. போன வாரம் அவருக்கு இறங்கிய பெயர் தீமலையார். கோமளாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை பூபாலன்; அவன் அப்பா, ஊத்துக்குளி வெண்ணெய் வியாபாரி தங்கதுரை. அவரும் இதே மேசை முன்னால் வந்து நீர்வேலியார் என்று வாங்கிப் போயிருந்தார். தீயும் நீரும் எண்ணூறு வருஷம் முன்பு நொய்யல் கரையில் வெட்டிக்கொண்டு செத்தவர்களாம். நொய்யலில் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடாமல் ரத்தம் ஓடிய காலம் போலிருக்கிறது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. நடந்தால் முதல் வருஷமே ஒரு சாவு விழும், சம்பந்தத்தை எழுத்திலேயே முறிக்க வேண்டும் என்பது சாமியின் உத்தரவு. சாமியின் முன்னாலேயே அதை எழுதத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார் கருப்புசாமி.

கோமளாவின் முறை வந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் அவள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடம் ஒரு நூல் கலர் மாறியதற்கு மூன்று மணி நேரம் பதில் சொல்லிப் பழகியவள்.

"பேரு?"

"கோமளாங்க."

"தகப்பன் பேரு?"

"கருப்புசாமிங்க."

ஆதிநாமர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கருப்புசாமி என்று அன்று காலையில் மட்டும் ஆறு பேர் வந்துபோயிருந்தார்கள். கண்ணை மூடினார். "மின்னல்கோட்டையார்" என்றார். துண்டு வந்தது.

"இந்தப் பேரு தாய்வழியுங்களா, தகப்பன்வழியுங்களா?"

"தகப்பன்வழி. ஏழு தலைமுறை சுத்தம்."

"அப்பா, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க. உங்க துண்டைக் காட்டுங்க."

கருப்புசாமி எழுந்தார். காலரைத் திருப்பினார். தீமலையார்.

"மகள் ஒரு வம்சம், அப்பன் ஒரு வம்சமுங்களா சாமி?"

ஆதிநாமர் அசரவில்லை. "ஒரே ரத்தத்துக்கு ரெண்டு பேரு இருக்கும் கண்ணு. அது பெரும் பாக்கியம்."

முந்நூறு தலைகள் ஆடின. கருப்புசாமியின் தலையும் ஆடியது. நான்கூட ஒரு கணம் சரிதானே என்று முறிவுக் கடிதத்துக்குப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"சரிங்க" என்றாள் கோமளா. "எம்பேரு எப்பங்க உங்குளுக்குத் தெரிஞ்சுது?"

"இந்த நொடி. நீ பாக்கப் பாக்கத்தான காதுல விழுந்துச்சு."

"பேரு இந்த நொடி விழுந்துச்சு. அந்தப் பேரைப் போட்டு நெய்ஞ்ச துண்டு எப்பங்க பொட்டிக்குள்ள விழுந்துச்சு?"

ஆதிநாமர் இருமினார். கோமளா திரும்பினாள்.

"ராஜா முகமது அண்ணா, இன்னிக்கு ஆர்டர் குடுத்தா இது எப்பக் கெடைக்கும்?"

"டிசைன் ஏத்தி, நெய்ஞ்சு, வெட்டி மடிக்க நாலு நாள் ஆகும்மா."

"ஒரே ஒரு பீஸ் நெய்ஞ்சு தருவீங்களா?"

"ஒண்ணா? டிசைனுக்கு ஐநூறுக்குக் கொறஞ்சு எந்தத் தறிக்காரனும்…" என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார். தன் காலரைத் திருப்பி, துண்டை நகத்தால் சுரண்டி, பின்பக்க நூலைப் பார்த்தார். இருபது வருஷமாக லேபிள் நெய்கிற மனிதர். "துண்டுல சந்தன வாசம் அடிச்சுதும்மா. தொழில் மறந்துபோச்சு" என்றார் மெதுவாக.

கோமளா அட்டைப்பெட்டியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தாள். நான் எண்ணினேன். மொத்தம் இருபத்திரண்டு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் ரப்பர் பேண்டுக்குள் ஒரு சீட்டு: ஐந்நூறு. எடுத்துக் கொடுத்ததில் தீமலையார் கட்டு உட்படச் சில கட்டுகள் மெலிந்திருந்தன. உலகிலேயே ஒன்பது குடும்பங்களுக்கு ஐந்நூறு லேபிள்.

"முன்னோருங்க தேவை தெரிஞ்சு முன்கூட்டியே அனுப்பி வெப்பாங்க" என்றார் ஆதிநாமர்.

"விக்காம மிஞ்சுன ஸ்டாக் லாட்டுங்களா சாமி?" என்றார் கார்முகிலார் முருகேஷ்.

அதற்குப் பிறகு கூடத்தில் பக்தி நிற்கவில்லை. வள்ளியாத்தாள் ஸ்டூலை விட்டு எழுந்து, "நான் தினக்கூலிங்க" என்று முதலில் ஒதுங்கிக்கொண்டாள். "அவரு பேரு ஜெயபாண்டிங்க. மின்னாடி கிளி ஜோசியம் பாத்தாரு. கிளி ஓடிப்போச்சு." வாங்கின காணிக்கையைத் திருப்பிக் கொடுக்கிறவரைக்கும் கூட்டம் ஆதிநாமரை மாடிப்படி இறங்க விடவில்லை. கிளிக்கு இருந்த அறிவு எங்களுக்கு இருந்திருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

அந்த அமளியிலும் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "ஆளு ஏமாத்துக்காரன், சரிங்க. எனக்கு வந்த பேரு நல்லாத்தான இருக்குது, வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

கருப்புசாமி மகள் முகத்தைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க" என்றார். "போன்ல சொன்னா சம்பந்தி நம்ப மாட்டாரு. அவருக்கும் எழுத்துலதான் இருக்கோணும்."

எழுதினேன்.

"சம்பந்தி தங்கதுரை அவர்களுக்கு, வணக்கம். வரும் பதினோராம் தேதி முகூர்த்தத்தில் மாற்றம் எதுவும் இல்லை. நம் இரு குடும்பமும் எந்தப் போரிலும் வெட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. என் பாட்டனுக்கு அப்பன் பேரே எனக்குத் தெரியாது. உங்கள் துண்டை நெய்த தறியில்தான் எங்கள் துண்டும் நெய்யப்பட்டிருக்கிறது."

"இன்னொரு வரி சேத்துக்கலாங்களா?" என்றாள் கோமளா. அவள் சொன்னதைத் திருத்தாமல் எழுதினேன்.

"பனியனில் ஓர் ஊசி ஓட்டை இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்குகிற நாங்களும், விரலால் தொட்டே கலப்பட வெண்ணெயைச் சொல்லிவிடுகிற நீங்களும், ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டே கேட்டோம். இனிமேல் ஒரு பக்கமாவது கண் திறந்திருக்கட்டும்."

கருப்புசாமி கையெழுத்துப் போட்டார். முன்னால் ஓர் இனிஷியல், பின்னால் ஒன்றுமில்லை. உறையை ஒட்டி, விலாசம் எழுதி, தபால் ஆபீஸில் கவுண்ட்டர் மூடுவதற்குப் பத்து நிமிஷம் முன்பு ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தோம்.