சிறந்த கத்திக்கு அரக்கு முத்திரை

மனித குலம் கல்லைத் தீட்டிய நாள்தொட்டுக் கத்தியைப் பற்றி எடுத்த முடிவுகளில் மிக ஆழமானது திருத்தணியில் எடுக்கப்பட்டது. ஆண்டு எழுபத்து நான்கு. எழுபத்தைந்தாகவும் இருக்கலாம், ஞாபகத்தை நம்பிச் சத்தியம் செய்வதற்கில்லை. கிழமையும் குழம்புகிறது. ஆடிக் கிருத்திகைக்குப் பதினைந்து நாள் முன்பு என்பது மட்டும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கானக வாழ்க்கைக் கழகத்தின் தலைவர் ராஜகோபால். ரயில்வேயில் முப்பது ஆண்டுகள் கொடி காட்டியவர். ஓய்வு பெற்றபின் காட்டுவதற்கு ரயில் இல்லாததால் ஊருக்கு ‘வழி’ காட்டத் தொடங்கினார். பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், ஒரே ஒரு கத்தியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் காட்டில் ஆறு மாதம் வாழ்ந்ததாகப் படித்திருந்தார். கழகம் அன்றே பிறந்தது. உறுப்பினர் பதினொருவர். அவர்களில் காட்டை நேரில் பார்த்தவர் யாருமில்லை என்பதால் கருத்து வேற்றுமைக்கு இடமே இல்லாமல் போயிற்று.

மலைக்குப் பின்னாலுள்ள புதர்க்காட்டில் முதல் முகாம். அதற்குக் கத்தி வேண்டும். மடங்கக் கூடாது, விறகு பிளக்க வேண்டும், வெள்ளரிக்காயும் நறுக்க வேண்டும், விலை பத்து ரூபாயைத் தாண்டக் கூடாது. இவ்வளவையும் தீர்மானமாக எழுதியவர் இணைச் செயலாளர் கோதண்டபாணி.

கோதண்டபாணி நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா. நிறையப் படிப்பார், கொஞ்சம் யோசிப்பார், பேசவே மாட்டார். கூட்டத்தில் அவருடைய மௌனத்தை ‘ஒருமனதாக’ என்று பதிவு செய்வது வழக்கம். பதிவு செய்வதும் அவரே.

மாதிரிகள் சேகரிக்கும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. சென்னையிலிருந்து பளபளக்கும் கத்தி ஒன்று வரவழைத்தார். கைப்பிடி நுனியில் திசைகாட்டி பதித்தது. கடைத்தெருவில் சிங்க முகப் பிடி போட்ட கத்தி ஒன்று வாங்கினார். மூன்றாவது மாதிரிக்காகக் கே.ஜி.கண்டிகைக்குப் போய் முனியனைப் பார்த்தார்.

முனியன் மூங்கில் பிளந்து காவடி கட்டுகிறவன். ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் விற்பதுதான் அவனுக்கு வருஷத்துக்குச் சோறு. அவனுடைய கத்தி பழைய லாரியின் வில்பட்டையை அடித்துச் செய்தது. கனகம்மாசத்திரம் ஆசாரி நாலரை ரூபாய்க்கு அடித்துக் கொடுத்தது.

“ரெண்டே நாள், முனியா. பாத்துட்டுக் குடுத்துடறேன்.”

“எடுத்துக்கினு போ நைனா. உன் வார்த்தைக்கு மேல இன்னா கீது?”

பரிசோதனை கோயில் தங்கும் விடுதி ஒன்றின் முற்றத்தில் நடந்தது. சென்னைக் கத்தியின் திசைகாட்டி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆந்திரத்து நகரியையே காட்டியது. திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்து பதினாலு வருஷம் ஆகியும் அதற்குத் தகவல் எட்டவில்லை. தேசபக்திக் குறைவு என்று இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். சிங்கக் கத்தி விறகில் இறங்கியதும் சிங்கம் மட்டும் கையில் நின்றது.

முனியனின் கத்தியை ஒரு வேலமரக் கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினார்கள். கட்டை இரண்டாயிற்று. அதே கத்தி வெள்ளரிக்காயைக் காகிதம் போலச் சீவியது.

மடைப்பள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த நாராயணசுவாமி மட்டும் ஓர் ஐயம் எழுப்பினார். ஐயாயிரம் பேருக்குப் பூசணிக்காய் நறுக்கிய பரம்பரை.

“ஓய், இது மாமிசம் தொட்ட கத்தியா?”

“மூங்கில்தாங்க தொட்டிருக்கு” என்றார் கோதண்டபாணி. அந்த வருடம் அவர் கூட்டத்தில் பேசியது அவ்வளவுதான்.

நூற்றுக்கு நூறு. கைதட்டல் அடங்கியதும் தலைவர் எழுந்தார். “உன்னதமான மாதிரி கிடைத்துவிட்டது. இனி மூன்று ஆசாரிகளிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும். அதுவரை இதை யாரும் தொடக் கூடாது. தொட்டால் தேயும், தேய்ந்தால் மாதிரி ஆகாது.”

கத்தி மரப்பெட்டிக்குள் போயிற்று. பூட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். திறக்க வேண்டுமானால் பெரும்பான்மை வேண்டும். சாவி இணைச் செயலாளரிடம்.

நாலாம் நாள் முனியன் வந்தான்.

“கத்தி குடு நைனா. மூங்கிலு காஞ்சிகினு கீது.”

கோதண்டபாணி தலைவரைப் பார்த்தார். தலைவர் முனியனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உன் கத்தி பாஸாயிட்டுது, முனியா! முதல் ரேங்க்!”

“சந்தோசம் சாமி. பாஸானா வூட்டுக்கு அனுப்ப மாட்டீங்களா?”

“அது இனிமே உன் கத்தி இல்லப்பா. அளவுகோல்.”

“எனக்குக் காவடி கட்டணும் சாமி.”

“அதே போல இன்னொண்ணு செஞ்சுக்கோயேன்.”

“ஆசாரி கை வெந்து படுத்துக்கினு கீறாரு. உலை மூட்டவே ஒரு மாசம் ஆவும்.”

“ஆங், பாத்தியா!” தலைவர் கோதண்டபாணியிடம் திரும்பினார். “செய்தவராலேயே திரும்பச் செய்ய முடியல. அப்போ மாதிரியை எவ்வளவு பத்திரமா வெக்கணும்!”

முனியன் கோதண்டபாணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கோதண்டபாணி ஒரு நீண்ட மௌனம் காத்தார். மிகவும் நாகரிகமான மௌனம். பொருள் பொதிந்தது என்று தலைவர் பிற்பாடு பாராட்டினார்.

வீட்டில் அவர் மனைவி காஞ்சனாவுக்கு அந்தப் பொருள் பிடிபடவில்லை.

“சாவி யார்கிட்ட இருக்குது?”

“என்கிட்டதான்.”

“பொட்டி?”

“சங்கத்துல. என் மேசைக்குக் கீழ.”

“அப்போ இன்னாங்க? தொறந்து எடுத்துக் குடுத்துட்டு வாங்க.”

“முத்திரை உடையும்.”

“உடைஞ்சா புள்ளையா அழும்? அரக்குதானே!”

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவர் பெட்டியை மேசைமேல் எடுத்து வைத்தார். சாவியைப் பூட்டுக்குள் நுழைத்தார். அரக்கில் கழகத்தின் சின்னம் தெளிவாக விழுந்திருந்தது: ஒரு மரம், அதன் கீழே ஒரு மனிதன், அவன் கையில் ஒரு கத்தி. அந்த மனிதனின் தன்னிறைவைப் பற்றி அவர் ஆழ்ந்து சிந்தித்தார். சிந்தித்து முடிப்பதற்குள் ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பெட்டி மேசைக்குக் கீழே போயிற்று.

முனியன் யாரிடமோ ஒரு கொடுவாள் இரவல் வாங்கினான். அதன் பிடி ஆடியது. மூன்றாவது மூங்கிலில் அது நழுவி இடது கைப் பெருவிரலில் இறங்கியது. பாதி விரல் போயிற்று.

கழகம் இதயமற்றதல்ல. கிருத்திகையன்று, மலைப்படி முழுக்க வேறு ஊர்க்காரர்கள் கட்டிய காவடிகள் ஏறிக்கொண்டிருந்தபோது, அடிவாரத்தில் பந்தல் போட்டு முனியனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நற்சான்றிதழும் தந்தார்கள். கட்டுப் போட்ட கையால் அதைப் பிடிக்க வராமல் அவன் தடுமாறியபோது கோதண்டபாணி ஓடிப்போய் ஒரு முனையைத் தாங்கினார். வாசகம் அவர் எழுதியது: ‘இக்கத்தி எந்த நெருக்கடியிலும் தன்னை உடையவனைக் கைவிடாது.’

முனியனுக்குப் படிக்கத் தெரியாது.

“இன்னா நைனா எழுதிக்கீது?”

“கத்தி நல்ல கத்தின்னு.”

“அது எனக்குத் தெரியும் நைனா” என்றான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முகாம் மழைக்காக ஒருமுறையும் விலைப்புள்ளி வராததற்காக மறுமுறையும் தள்ளிப்போய், நடக்கவே இல்லை. ராஜகோபால் மகனோடு பம்பாய்க்குப் போய் அங்கே காலமானார். நாராயணசுவாமி மடைப்பள்ளியிலேயே மூப்படைந்தார். ஆசாரியின் கை ஆறியது. முனியன் அதன்பின் காவடி கட்டவில்லை. கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் வெள்ளரிக்காய் விற்கிறான், நறுக்கித் தருவது அவன் மனைவி. அந்த வழியாகப் போகும்போது கோதண்டபாணி பஸ்ஸில் மறுபக்க ஜன்னலோரம் உட்காருவார்.

கத்தி பெட்டியிலேயே இருக்கிறது. முத்திரை உடையவில்லை. சாவி கோதண்டபாணியின் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. ஆண்டும் கிழமையும் குழம்பினாலும் இது ஒன்றை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன்: தினமும் குளிக்கும்போது அது என் இடுப்பில் உறுத்துகிறது.