கெலெராவுக்கு நான் வாங்கித் தந்த மரியாதை

சுவா நகரில் வாழும் அன்புத் தங்கை உனாய்சிக்கு, உன் அண்ணன் அப்போரோசா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் என் முழங்காலும் பன்றிகளும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாயிருக்கப் போதகரைவிடச் சத்தமாக ஜெபித்து வருகிறேன்.

நிறமில்லாமல் வெள்ளைத் தோலோடு பிறந்த உன் மகள் கெலெராவைப் பட்டணத்துப் பள்ளியில் ஒருத்தியும் பக்கத்தில் சேர்ப்பதில்லை, ஊர்ப் பெண்களோடு இருக்கட்டும், அவளை மதிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடு என்று எழுதியிருந்தாய். சரியான ஆளிடம்தான் சொன்னாய். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றாலும், ஐ.நா. படையோடு லெபனான் காவலுக்குப் போனபோது சண்டையிட்ட இரண்டு படைகளை ஒரு குவளைத் தேநீரில் சமாதானம் பண்ணியவன் நான், பெண்பிள்ளைகள் எனக்கு எம்மாத்திரம். கெலெரா வந்த வாரமே ஆற்றில் மீன் பிடிக்கிற இடத்தில் ஒரே கூச்சல், போய்ப் பார்த்தால் கூச்சலுக்குத் தலைவி என் மகள் லிதியாவேதான். "ஏ உரிச்ச மரவள்ளி! தொப்பிய மாட்டுடி, வெயில்ல வெந்து தொலையப் போற!" என்கிறாள். உன் மகள் மட்டும் லேசுப்பட்டவளா, "போடி வாத்துக்காலி! உன் பாதத்துக்கு அடியில ஊரே நிழலுக்கு ஒதுங்கலாம்!" என்கிறாள், அத்தனை பேரும் தண்ணீரில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்ததா இல்லையா?

அன்றே கோயில் கூடத்தில் எல்லாப் பெண்களையும் பாயில் உட்காரவைத்து, மனிதர் பலவிதம், விதம் வேறென்றால் மரியாதை அதிகம் என்று சூரியன் சாயும் வரை பேசினேன், கூரையில் பல்லிகூட அசையவில்லை. கெலெரா வந்தால் குனிந்து வழிவிட வேண்டும், கை குவித்துத் தட்ட வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது, கேலி கூடவே கூடாது, தலைவர் வீட்டுக்காரர்களுக்குச் செய்வதெல்லாம் அவளுக்கும். லிதியா மட்டும் எழுந்து, "அத்தை பொண்ணுப்பா அவ. நான் கிண்டல் பண்ணலன்னா கோவமா இருக்கேன்னு நெனச்சுக்குவா" என்று வாயாடினாள். "உட்காருடி, லெபனானையே அடக்கினவன் நான்" என்றேன். அடங்கினாள்.

இப்போது வந்து பார், நீயே மூக்கின்மேல் விரல் வைப்பாய். உன் மகள் நடந்தால் பாதை காலியாகிறது. ஆட்டத்தில் அவளைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் விடுகிறார்கள். தனிப் பாயில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள், பெரிய தலைவருக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை. மனநிறைவினால் சாப்பாடும் குறைந்துவிட்டது. தங்கை பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை மாமன் மறுக்க முடியாதென்பது நம் முறையாயிற்றே, என் பெரிய பன்றியையே கேட்பாளென்று பயந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் என்னைப் பாடம் நடத்த அழைத்துக் காலில் விழாத குறை.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுப் பானை என்றும் நிறைந்திருக்கட்டும்.

அண்ணன் அப்போரோசா

பி.கு.: அம்மா, நான் கெலெரா. மாமாவிடம் முதல்முறையாக ஒன்று கேட்டேன், இந்தப் பேனாவை. மறுக்க முடியாமல் கொடுத்துவிட்டார். நேற்று வேண்டுமென்றே தொப்பி போடாமல் உச்சி வெயிலில் ஆற்றுக்குப் போனேன். எல்லோரும் குனிந்து வழிவிட்டார்கள், லிதியாவும். திரும்பத் திரும்ப அவள் முன்னாலேயே நடந்தேன். தோளெல்லாம் கொப்புளம். தொப்பியை மாட்டுடி என்று ஒருத்தியும் சொல்லவில்லை.