எலுமிச்சம்பழமும் என் சர்வரும்

ஓர் இயந்திரத்தை நிறுத்த யாராலும் முடியும். மறுபடி எழுப்பும்போதுதான் நம் லட்சணம் வெளியே வரும். என் லட்சணம் ஓர் ஆயுத பூஜை அன்று, ஷாமியானா போட்டு, பொரி கொடுத்து, தொழிலாளர் குடும்பங்களையெல்லாம் வரவழைத்து வெளியிடப்பட்டது.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. அதில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் புதிது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான் (இதை யாரிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்). பெட்டிகளுக்கு பார்கோடு லேபிள் அடிக்கும் புரோகிராமை நானே எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றியிருந்தேன். லேபிள் இல்லாத பெட்டியைக் கார் கம்பெனி உள்ளே விடாது.

ஏற்றிய நாளிலிருந்து சர்வரை நிறுத்தியதே இல்லை. பூஜைக்கு எல்லா மெஷினும் நிற்க வேண்டும் என்றதும் முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன்: "நீங்க பட்டனை மட்டும் அழுத்துங்க சார். மத்ததெல்லாம் தானா எழுந்துக்கும்."

பூஜை முடிந்தது. முதல் லோடு நல்ல நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். வாசலில் லாரி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள். முதலாளி பட்டனை அழுத்தினார். சந்தனப் பொட்டோடு சர்வர் எழுந்தது. திரையில் வரிசையாகப் பச்சை 'ஓகே'. என் புரோகிராமின் பெயருக்கு நேரே மட்டும் சிவப்பில் 'ஃபெயில்ட்'.

செங்கல் சூளையில் வேலை செய்யும் அப்பா, எங்கள் ஊரான பென்னலூரிலிருந்து வந்து, பொரிப் பொட்டலத்தோடு என் பின்னால் நின்றார்.

"இன்னாம்மா, அது மட்டும் செவப்பா கீது?"

"அதுதாம்ப்பா என்னுது."

"தனியா தெரியட்டும்னு கலரு குட்த்தியா?" என்று பூரித்துப்போனார்.

கையால் ஒரு கட்டளை தட்டியிருந்தால் அப்போதே ஓடியிருக்கும். 'தானா எழுந்துக்கும்' என்று சொன்ன வாய் விடவில்லை. சர்வரை நிறுத்தி எழுப்பினேன். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. பதற்றத்தில் பவர் பட்டனையே அமுக்கித் தொலைத்தேன். சர்வர் தன் ஹார்ட் டிஸ்க்கை முழுசாகச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டது.

படித்ததெல்லாம் போச்சு, நாளையிலிருந்து சூளைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

திருநெல்வேலிக்கார டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், எலுமிச்சம்பழமே காஞ்சிரும் போலுக்கு. நல்ல நேரம் முடியப் போகுது. ஏத்திரட்டா?"

முதலாளி என்னைப் பார்க்காமலேயே தலையாட்டினார். பழங்கள் நசுங்கின, எல்லோரும் கைதட்டினார்கள். கேட்டைத் தாண்டிய லாரி, லேபிள் இல்லாததால், ரோட்டோரம் நின்றுகொண்டது. எனக்குத் திரையே கலங்கித் தெரிந்தது.

சரிபார்ப்பு ஒருவழியாக முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எது எந்த வரிசையில் எழ வேண்டும் என்று குறித்த இடத்தைத் திறந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. என் புரோகிராமுக்கு நான் முதல் இடத்தைக் கொடுத்திருந்தேன் (பின்னே, நம்முடையது பின்னாலா நிற்கும்?). பெட்டி விவரங்களுக்கு அது நம்பியிருக்கும் டேட்டாபேஸ் எழுவதோ கடைசியில். இவள் முந்திக்கொண்டு எழுந்து, டேட்டாபேஸைக் கூப்பிட்டு, பதில் வராமல் ஒவ்வொரு தடவையும் செத்துப்போயிருக்கிறாள்.

எண்ணை மாற்றினேன். முதலாளி மறுபடி அழுத்தினார். பச்சை.

பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, லேபிள்களோடு ரோட்டுக்கு ஓடினேன். லாரியில் ஏறி அப்பாவும் ஒட்டினார். பாதி தலைகீழ்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டார்: "இன்னாதாம்மா கோளாறு?" சொன்னேன். "அவன் எழுந்துக்கறதுக்கு முன்ன நீ போயி கூப்ட்டா, எவன் பதில் சொல்லுவான்?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், பென்னலூர் வந்தும் நிறுத்தவில்லை.

அதோடு விட்டாரா? என் கல்யாணத்தில், ஐயர் அழைக்கும் முன்பே நான் மணமேடைக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை இன்னும் அறையில் வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். மைக் பக்கத்தில் நின்ற அப்பா, மண்டபமே கேட்கும்படி சொன்னார்:

"உள்ள போம்மா. டேட்டாபேஸ் இன்னும் எழுந்துக்கல."

என் கணவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. பென்னலூரில் அது யாருக்கும் தெரியாது. அங்கே அவர் இன்றுவரை டேட்டாபேஸ் மாப்பிள்ளைதான்.