யூனிட்டு வைத்த பச்சை விளக்கு

மனிதர்களைச் சொத்தால் அளக்கிறவர்களையும் படிப்பால் அளக்கிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். வாட் கணக்கில் அளந்தவர் என் ஆயுளில் ஒருவர்தான். எங்கள் தெருவில் அவரை யூனிட்டு என்போம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கடைக்காரருக்கு ஒருவேளை தெரிந்திருக்கும்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தால் எங்கள் தெருமுனையில் கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை ஒன்று இருக்கிறது. கடையும் அவருடையது, மாடியில் குடியிருப்பதும் அவர்தான். தனிக்கட்டை. கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், “ஒரு ஆளுன்னா ஒரு ஃபேன் போதும் சார். ரெண்டு பேருன்னா ஏசி கேப்பாங்க” என்பார்.

நான் மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்பத்தில் கொடி கட்ட யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும், அது எந்த மேஜைக்குப் போகும், அங்கே எதன் அடியில் படுத்துக்கொள்ளும் என்பதுவரை எனக்குத் தெரியும். யூனிட்டு இதற்கெல்லாம் மயங்குகிற ஆள் இல்லை. முதல் நாள் எங்கள் வீட்டுக்குள் வந்தவர், வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் முதுகில் கை வைத்தார்.

“சார், இதுக்கு மூச்சு வாங்குது. செவுத்தோட ஒட்டி வெச்சிக்கினு இருக்கீங்க.”

“நீங்க யாரு?”

“முனை வூடு. மெயின் எங்க சார்?”

மெயின் சுவிட்சுக்கு வரும் ஒயரைச் சுற்றி ஒரு வளையம் மாட்டினார். பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் பச்சையாகக் கடுகளவு விளக்கு. வீட்டில் எது ஓடுகிறது, எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதை வளையம் மோப்பம் பிடித்து, கம்பி எதுவும் இல்லாமலே அவருடைய கைப்பேசிக்குச் சொல்லிவிடுமாம். கூலி கேட்கவில்லை. கொஞ்ச நாளில் தெருவில் எல்லா வீட்டிலும் பச்சை விளக்கு.

ஒருவர் இலவசமாக எதையாவது செய்தால் நம் மக்களுக்குச் சோறு இறங்காது. எனக்கும் இறங்கவில்லை. இந்த ஆளுக்கு இதில் என்ன லாபம்? தேர்தல் வேலை என்றார் ஒருவர். பூட்டிய வீடு எது என்று திருடர்களுக்குத் தகவல் போகிறது என்றார் இன்னொருவர். என் மனைவி கமலா வேறு மாதிரி சொன்னாள். அவர் பெண் தேடுகிறாராம். எந்த வீட்டுப் பெண் ஃபேனை நிறுத்திவிட்டு வெளியே போகிறாள் என்று பார்க்கிறாராம்.

தெரிந்ததை மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. எதிர்வீட்டு லட்சுமி தனக்குச் சஷ்டி விரதம், பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்று கமலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் புகுந்தார்.

“காலைல உங்க வூட்ல மிக்ஸி ஓடுச்சே அக்கா?”

“அது... கழுவிட்டு சும்மா ஓட்டிப் பாத்தேன்.”

“சும்மா ஓட்டினா லோடு கம்மியா காட்டும். இது தேங்கா சட்னி.”

லட்சுமி அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அவர் கவனிக்கவில்லை. பேச்சுக்கு மின்சாரம் செலவாவதில்லை.

என் வாசிப்பறையில் இன்னொரு கருவியும் வைத்தார். அறையில் ஆள் அசையாவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடும். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது என்பது அவர் சித்தாந்தம். நான் செய்தித்தாளை வைத்தால் சிலைபோல உட்கார்கிறவன். தலையங்கத்தின் பாதியில் இருட்டு. கையை மேலே தூக்கி ஆட்டினால் வெளிச்சம். நாள் தவறாமல் இதே கூத்து. ஜன்னல் வழியாகப் பார்த்த லட்சுமி ஒருநாள் கமலாவிடம் கேட்டாளாம், “சார் தெனமும் யாருக்கு டாட்டா காட்றாரு?”

“கழட்டுங்க இத” என்றேன் யூனிட்டிடம்.

“சார், நீங்க உயிரோட இருக்கீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? லேசா அசஞ்சிக்கினு படிங்க.”

சித்திரை வெயிலில் ஒரு சாயங்காலம் எங்கள் பெட்டியின் விளக்கு சிவப்பாகிக் கீச்சென்று கத்தியது. உடனே அவரிடமிருந்து அழைப்பு. “ஏசிய கொஞ்சம் நிறுத்துங்க சார்.” ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். நான் ஏசியை நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். தெருவின் கடைசி வீட்டில் இருந்தார்.

அது கோவிந்தன் வீடு. ரைஸ் மில்லில் உமித் தூசியைச் சுவாசித்தே காலத்தைக் கழித்து, இப்போது ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சு விட முடியாதவர். தெருவில் எல்லோரும் சேர்ந்து மின்சாரத்தை இழுத்தால் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வோல்டேஜ் இருக்காது. மெஷின் கத்திவிட்டு நின்றுவிடும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் இருந்தது. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

“பெட்டி வெக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் ஸ்டெபிலைசர் ரிப்பேர்னு கூப்ட்டாங்க சார்” என்றார் யூனிட்டு. “வந்து பாத்தா ஸ்டெபிலைசர்ல ஒண்ணுமே இல்ல. தெருவுலதான் ரிப்பேர்.”

கோவிந்தன் மூக்கில் குழாயோடு சிரித்தார். “என் மூச்ச ஃபோன்ல வெச்சிக்கினு சுத்தறான் சார் இவன்.”

இந்த வீட்டில் வோல்டேஜ் இறங்கினால் தெரு முழுக்கப் பெட்டிகள் சிவப்பாகும். யார் அதிகம் இழுக்கிறார்களோ அவர்களுக்கு யூனிட்டிடமிருந்து அழைப்பு போகும். இவ்வளவுதான் அந்த ரகசியம்.

“இத தெருவுல சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா பாவம்னுவாங்க சார். ரெண்டு நாள் நிறுத்துவாங்க. மூணாம் நாள் போட்டுக்குவாங்க.”

மறுநாளே தெருவுக்குப் புதிய மின்மாற்றி கேட்டு மனு எழுதினேன். எந்த வாசகம் இருந்தால் மனு நகரும் என்று தெரிந்தவன் எழுதிய மனு. ஆனாலும் அது அதன் நடையில்தான் நடக்கும்.

அதற்குள் ஆடி அமாவாசை வந்தது.

தெருவில் எந்த வீட்டில் எப்போது என்ன ஓடும் என்று யூனிட்டின் கைப்பேசி பல வாரங்களாகப் படித்து வைத்திருந்தது. ஆனால் அதற்குப் பஞ்சாங்கம் தெரியாது. தனிக்கட்டையான அவருக்கும் தெரியாது. உச்சிப் பொழுதுக்குள் படையல் போட்டுக் காக்கைக்கு வைத்தாக வேண்டும் என்று தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் தலை முழுக மோட்டார், வடைக்குக் கிரைண்டர், துவையலுக்கு மிக்ஸி. பெட்டிகள் எல்லாம் சிவப்பாகிக் கத்தின. யாரும் எதையும் நிறுத்தவில்லை.

கோவிந்தன் மனைவி மலர் தெருவுக்கு ஓடி வந்தாள். “மெஷின் நின்னுப்போச்சு. சிலிண்டர்ல முள்ளு கீழ வந்துகினே இருக்குது.” இன்னொரு சிலிண்டர் கேட்டிருந்தார்கள். சாயங்காலம்தான் வரும்.

யூனிட்டு கைப்பேசியைப் பார்த்து நின்றார். “இத்தினி வடையா சார்?” என்றார் என்னிடம்.

நான் எங்கள் மோட்டாரையும் ஏசியையும் நிறுத்தினேன். கமலா ஈரத் தலையில் துண்டோடு இறங்கி லட்சுமி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“கிரைண்டர நிறுத்து. கோவிந்தன் அண்ணனுக்கு மூச்சு நிக்குது. எங்க வூட்ல அரைச்ச மாவு இருக்கு, எல்லாருக்கும் தரேன்.”

“அடுத்த வூட்டு மாவுல சுட்டா எங்க மாமனாரு சாப்பிடுவாரா?”

“உயிரோட இருந்தப்ப தெனமும் எங்க வூட்லதானடி காபி குடிச்சாரு.”

லட்சுமி கிரைண்டரை நிறுத்தி, அடுத்த வீட்டுக்கு அவளே ஓடினாள். அந்தப் பக்கம் யூனிட்டு, இந்தப் பக்கம் நான். ஒரு வீட்டில் அரைத்தால் மற்ற வீடுகள் காத்திருக்க வேண்டும் என்று நடுத்தெருவில் நின்று வரிசை போட்டேன். வாழ்நாளில் நான் போட்ட வரிசைகளில் இது ஒன்றுதான் உடனே நகர்ந்தது. மதில்மேல் காக்கைகள் பொறுமையாக உட்கார்ந்திருந்தன.

பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. கடைசி வீட்டிலிருந்து மெஷினின் பெருமூச்சு கேட்டது. யூனிட்டு நடுத்தெருவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். லட்சுமி அவருக்கு முன்னால் வடை கொண்டுவந்து வைத்தாள்.

“படையலுக்கு முன்னாடி தரேன். சட்னி இல்ல. யாருக்கும் சொல்லிடாத.”

பிறகு முறைப்படி மின்மாற்றி வந்தது. கடைசி வீட்டில் வோல்டேஜ் அசையாமல் நிற்கிறது. கோவிந்தன் இப்போது டிவி பார்த்துக்கொண்டே அரசியல்வாதிகளைத் திட்டுகிறார். அதற்கு வேண்டிய மூச்சு இருக்கிறது. “இனிமே இங்க எனக்கு இன்னா வேலை சார்?” என்று சொல்லிக் கடையைப் பூட்டிக்கொண்டு யூனிட்டு கல்வராயன் மலைக்குப் போய்விட்டார். அங்கே ஓர் ஊரில் ஒரு வீட்டில் மிக்ஸி போட்டால் பக்கத்து வீட்டு பல்பு கண்ணை மூடுகிறதாம். அந்த ஊர் வடைக் கணக்கையெல்லாம் முதலிலேயே விசாரித்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார்.

எங்கள் பெட்டியை யாரும் கழற்றவில்லை. வாசிப்பறைக் கருவியும் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் தலையங்கத்தின் பாதியில் விளக்கு அணைகிறது. அந்த அறையின் ஜன்னல் மேற்குப் பார்த்தது. தூரத்தில் கல்வராயன் மலை தெரியும். கையைத் தூக்கி ஆட்டுகிறேன். வெளிச்சம் வந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டுகிறேன். யாருக்கு டாட்டா என்று லட்சுமி இப்போது கேட்பதில்லை.