எட்டு இறாத்தல்

கடைத் தராசில் ஐம்பது இறாத்தல் இருந்த கருவாட்டுப் பெட்டி, நிறைக்குக் கூலி வாங்கும் லொறிக் கந்தோரின் பில்லில் ஐம்பத்தாறாக ஏறியிருந்தது. கொழும்பில் நவரத்தினத்தின் கடைக்குக் கிழமைதோறும் போன பன்னிரண்டு பெட்டியும் அப்படியேதான்.

மன்னாரில் தாவூது முதலாளியின் கருவாட்டுக் கடைக்கு அமிர்தநாயகம்தான் கிளாக்கர்.

"அமிர்தம், இந்த மாதம் லொறிக் கூலி குறையவேணும். குறையாட்டி உமக்கு இஞ்சை வேலை இல்லை," என்றார் முதலாளி.

"லொறிக்காரர் ஏமாத்துறாங்கள், முதலாளி."

"அப்ப பிடியுமன்!"

அமிர்தநாயகம் பழைய பில்களை அள்ளிக்கொண்டு லொறிக் கந்தோருக்குப் போய், தராசு பிழை என்று சத்தம் போட்டார். அவர்களும் பயந்து புதுத் தராசு வாங்கினார்கள். அது ஐம்பத்தெட்டுக் காட்டியது.

"பழசு உங்களுக்கு ரெண்டு இறாத்தல் விட்டுத் தந்திருக்குது, அண்ணை," என்று சாரதி கொன்ஸ்ரன்ரைன் ஆறுதல் சொன்னான்.

கருவாடு அடைக்கும் பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகை கடற்காற்றைக் குடித்துப் பாரமாகிறது என்று அமிர்தநாயகம் முடிவுகட்டினார். மெல்லிய பலகையில் அகலமான பெட்டிகள் செய்வித்தார். கடையில் ஐம்பது. லொறிக் கந்தோரில் அறுபத்திரண்டு.

மூன்றாம் கிழமை, நிறுத்த பெட்டியை விட்டு அவர் அசையவில்லை. பெட்டி அடைக்கும் றம்லா, மூடியில் ஆணி அடிக்க முன், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்து ஓலையில் சுற்றிய புழுக்கொடியல் கட்டுகளை நாலு மூலையிலும் செருகினாள்.

"இதென்ன, றம்லாக்கா?"

"ஒடியல். மன்னாரில பிறந்திட்டு ஒடியல் தெரியாதோ?"

"தெரியும்! ஏன் வைக்கிறீங்கள்?"

"மூலை வெறுமையாக் கிடக்க வேறை ஆக்களுக்குப் பெட்டி அனுப்புறதோ? வெக்கமெல்லோ! நீங்கள் வேறை பெட்டியைப் பெருப்பிச்சுப் போட்டீங்கள். என்ரை வீட்டு ஒடியல் முடிஞ்சு, தங்கச்சி வீட்டிலயும் எடுத்துப்போட்டன்."

"ஐயோ! பில்லில இல்லாத சாமானுக்கெல்லோ லொறிக் கூலி குடுத்திருக்கிறம்!"

"அப்ப வைக்கோல் அடையுங்கோ கிளாக்கர். கொழும்பு மாடுகள் உங்களை வாழ்த்தும்."

பெட்டி அடைக்கும் பெண்கள் சிரித்தார்கள். யுத்தம் வந்து பிரிக்க முன், முஸ்லிம்களும் தமிழருமாக அந்தத் தெருவில் எல்லாரும் இருந்த காலம் அது. சிரிப்பு கடைசி வீடுவரை போனது.

அமிர்தநாயகம் வைக்கோலே அடைத்தார். அகலப் பெட்டிகளை விட்டுப் பழைய தேயிலைப் பெட்டிகளுக்கே திரும்பினார். பில் அரை இறாத்தல்கூடப் பிசகாமல் வந்தது. முதலாளி அவரைக் கூப்பிட்டு இருத்தி, வீட்டிலிருந்து வட்டிலப்பம் எடுப்பித்துக் கொடுத்தார்.

அடுத்த கிழமை நவரத்தினத்திடமிருந்து ஓடர் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. லொறிக் கூலி சுத்தமாக ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

"கூலியைக் குறைக்கச் சொன்னனான். யாவாரத்தை நிப்பாட்டச் சொன்னனானோ?" முதலாளி மேசையில் அடித்தார். "நாளையில இருந்து வரவேண்டாம், அமிர்தம்!"

"கருவாடு திறம் கருவாடு, முதலாளி! அதில ஒரு குறையும் இல்லை!"

அந்த நேரம் கொழும்பிலிருந்து திரும்பிய கொன்ஸ்ரன்ரைன் மூச்சு வாங்க உள்ளே வந்தான்.

"முதலாளி, நவரத்தினத்தாற்றை கடை வாசலில சனம் நிண்டு அந்தாளைக் கிழிக்குது!"

"என்னடாப்பா, கருவாடு பழுதாப் போச்சோ?"

"கருவாட்டைப் பற்றி ஆர் கதைச்சது? அங்கை ஒடியல்தான் சரக்கு, முதலாளி. கருவாடுதான் மூலைக்கு அடைக்கிறது."